நீ வந்தால்தான் ஆட்டம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் இருக்கும் பெற்றோரே, மாணவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சிறிய கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் மாணவருக்குக் கிடைப்பது வாய்ப்பா, வரம்பா?" இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வரம்பு என்றார். நாலு காரணம் சொன்னார். விளையாட்டுக்கு ஆள் சேராது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஆள் சேராது. ஜெபம், ஆராதனை என்று நேரம் போய்விடும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் பிள்ளையால் மூச்சுவிட முடியாது. நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன், நான்குக்கும் வருகிறேன்.

முதல் காரணத்தை நான் மறுக்கப் போவதில்லை. ஆள் சேராதுதான். மொத்தம் நூறு பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு பேரிலிருந்துதான் கால்பந்து அணி வர வேண்டும், கைப்பந்து அணி வர வேண்டும், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு யோசேப்பும் மரியாளும் மேய்ப்பர்களும் வர வேண்டும், பாடகர் குழுவுக்கு நாலு குரலும் வர வேண்டும், ஆண்டு மலருக்கு எழுதவும் படமெடுக்கவும் ஆள் வர வேண்டும். எங்கிருந்து வருவார்கள்? அப்போதுதான் ஓர் ஆசிரியர் வராந்தாவில் ஒரு பையனை நிறுத்துகிறார்.

"தம்பி, சனிக்கிழமை மேட்ச் இருக்கு. கோல்கீப்பர் இல்ல. நீ நில்லு."

"சார், நான் விளையாடினதே இல்ல."

"தெரியும்பா. சாயங்காலம் வா, சொல்லித் தர்றேன்."

நடுவர் அவர்களே, இந்த மூன்று வரிப் பேச்சு சிறிய பள்ளியில்தான் நடக்கும். இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அந்த ஆசிரியருக்கு இப்படிக் கேட்கும் தேவையே வராது. தேர்வு என்று அறிவிப்பார், முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள், நன்றாக ஆடும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் நம் பையன் அந்த முப்பது பேரில் இருக்க மாட்டான். தனக்கு வராது என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருப்பான். அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க அவனை யாரும் அழைக்கப் போவதும் இல்லை.

இது என் ஆசையில் பிறந்த வாதம் இல்லை. ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்று இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சில டஜன் மாணவர்களே இருந்த பள்ளியும் அதில் உண்டு, இரண்டாயிரத்தைத் தாண்டிய பள்ளியும் உண்டு. எந்த நிகழ்ச்சியில் யார் பார்வையாளர், யார் பொறுப்பில் நிற்கிறவர் என்பதுவரை கணக்கெடுத்தார்கள். பெரிய பள்ளியில் நடவடிக்கைகளின் வகை அதிகம், அதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் மாணவர் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் நடவடிக்கைகள் பெருகவில்லை. சிறிய பள்ளியில் படித்த ஒரு மாணவர் பலவகை நடவடிக்கைகளில் கலந்துகொண்டார், பொறுப்பான இடத்தில் நின்ற தடவைகளும் அவருக்கு அதிகம். அந்த ஆய்வு கிறிஸ்தவப் பள்ளிகளுக்கென்று செய்ததல்ல, பள்ளியின் அளவைப் பற்றியது. அளவுதான் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது என்று எதிரணி சொல்வதால் அதை இங்கே கொண்டுவருகிறேன்.

அந்த ஆய்வுக் குழுவிலேயே எட்வின் வில்லம்ஸ் என்பவர் இன்னொரு கேள்வி கேட்டார். என் பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் நடுவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் குறைந்த, குடும்பச் சூழலும் கைகொடுக்காத மாணவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். விளிம்பில் நிற்கும் பிள்ளைகள். "பள்ளி நிகழ்ச்சிகளில் நான் கலந்துகொள்ள வேண்டும், என்னை எதிர்பார்க்கிறார்கள்" என்ற எண்ணம் அவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்த்தார். பெரிய பள்ளிகளில் அவர்களிடம் அது மிகக் குறைவாக இருந்தது. வெளியாட்கள் போலவே இருந்தார்கள். சிறிய பள்ளிகளில் மற்ற மாணவர்களிடம் எவ்வளவு இருந்ததோ, ஏறத்தாழ அவ்வளவு இவர்களிடமும் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற, நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு எங்கே போனாலும் மேடை கிடைக்கும். அவனுக்காக நாம் பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. கடைசி மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போகிறாளே ஒரு பெண், அவளுக்காகத்தான் நான் பேசுகிறேன். சிறிய பள்ளியில் நாடகம் பழக்கிய ஆசிரியன் நான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியிடம், திரைக்குப் பின்னால் வசனப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். வேறு ஆள் இல்லை, அதுதான் காரணம். சில வாரங்களில் எல்லாப் பாத்திரங்களின் வசனமும் அவளுக்கு மனப்பாடம். மேடையில் யார் தடுமாறினாலும் எல்லாரும் அவள் பக்கம்தான் திரும்பினார்கள். அதற்கு அடுத்த நாடகத்துக்கு யார் என்ன வேடம் என்று அவள்தான் என்னோடு உட்கார்ந்து முடிவு செய்தாள். எனக்கு நாலைந்து உதவியாளர்கள் இருந்திருந்தால் அவளை நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். பதினொரு பேர் இல்லையென்றால் அணியே இல்லை என்றார் எதிரணித் தலைவர். 1934இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியருக்கு இதே சிக்கல் வந்தது. பொருளாதார மந்தம் வாட்டிய காலம். சுற்றிலும் இருந்த சிறிய பள்ளிகளில், பந்தைக் கையால் பிடித்தும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பேர் தேறவில்லை. அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை, ஆளுக்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றினார். ஆறு பேர் ஆடும் கால்பந்து பிறந்தது. மைதானத்தின் நீளம் நூறு கெஜத்திலிருந்து எண்பதானது. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று அதில் உண்டு. பதினொரு பேர் ஆட்டத்தில் முன்வரிசையின் நடுவில் நிற்கிற ஐந்து பேர் முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்கவே கூடாது. மோதுவதும் தடுப்பதும்தான் அவர்கள் வேலை. எப்ளரின் ஆட்டத்தில் ஆறு பேருமே பந்தைப் பிடிக்கலாம். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் சிறிய பள்ளிகள் இன்றும் அதை ஆடுகின்றன, கிறிஸ்தவப் பள்ளிகளும் ஆடுகின்றன.

கூடைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஏதாவது வேண்டியிருந்தது. அவர் வகுப்பில் பதினெட்டுப் பேர், ஆகவே பக்கத்துக்கு ஒன்பது பேர். உலகம் முழுக்க இன்று ஆடுகிற ஒரு விளையாட்டின் முதல் ஆட்டம் ஒரு சின்ன வகுப்பின் அளவுக்குத்தான் இருந்தது!

இரண்டாவது, பாட்டு. இதில் எதிரணிக்கு உதவக்கூடிய சான்று ஒன்றை நானே தருகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் புனித தோமா பள்ளியில் இசைப் பொறுப்பில் இருந்தவர் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக். 1730இல் நகர மன்றத்துக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது பன்னிரண்டு பேராவது வேண்டும் என்றார். தன்னிடம் இருந்த பையன்களை மூன்றாகப் பிரித்தார்: பாடத் தகுந்தவர்கள் 17, இன்னும் தேற வேண்டியவர்கள் 20, இசைக்கு உதவாதவர்கள் 17. பாக் போன்ற மேதையே ஆள் பற்றாக்குறையால் தவித்தார் என்று எதிரணி சொல்லலாம், அது சரிதான். என் கண் அந்த நடுவில் இருக்கும் இருபது பேர் மேல்தான் நிற்கிறது. இன்னும் தேறாத இருபது பேர் பாக்கிடம் இருந்தார்கள்! நூற்றுக்கணக்கில் பையன்கள் வந்து குவியும் இடமாக இருந்தால் அந்த இருபது பேரும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். சுருதி சேராத பையனைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சேர்த்தெடுப்பது பள்ளியின் வேலை. தேறியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க ஒரு கச்சேரிக்காரர் போதும்.

மூன்றாவதாக, ஆராதனையில் நேரம் போய்விடுகிறது என்றார்கள். சிறிய பள்ளியின் சேப்பலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? வேதம் வாசிப்பது ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. கிட்டார் ஒரு மாணவன் கையில். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இன்னொருவன். நோயாளியான ஒரு தோழனுக்காக எழுந்து நின்று, சொந்த வார்த்தையில் ஜெபிப்பது பதினைந்து வயதுப் பிள்ளை. நூறு பேர் முன்னால் நடுங்காமல் பேச இதைவிட நல்ல பயிற்சி எது? அங்கே கேட்கிறவர்கள் மதிப்பெண் போடுவதில்லை, தடுமாறினால் காத்திருக்கிறார்கள். அப்புறம் சேவைப் பயணங்கள். முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாடுவது, வெள்ளம் வந்த இடத்தில் சேறு அள்ளுவது, சின்னப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது. ஒரு வேனில் அடங்கும் வகுப்பாக இருந்தால் ஒருவர் விடாமல் எல்லாரும் போகலாம். கொரிந்து சபைக்கு பவுல் எழுதிய நிருபத்தில், கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று ஒரு வாதம் வரும். பெரிய கூட்டத்தில் அதைப் பிரசங்கமாகக் கேட்கலாம். இங்கே ஒரு கை வராவிட்டால் அன்றைய வேலையே நின்றுவிடும்.

எரிக் லிடலை எல்லாருக்கும் தெரியும். மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று நடந்த பள்ளியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, நானூறு மீட்டரில் 47.6 விநாடிகளில் தங்கம் வென்றவர். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சீனாவில் ஆசிரியராகவும் மிஷனரியாகவும் இருந்த அவரை, போரின்போது ஜப்பானியர் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். சீஃபூ மிஷன் பள்ளியின் பிள்ளைகளும் 1943இல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் பலர். பள்ளிக் கட்டடம் இல்லை, சாப்பாடே பற்றாக்குறை. ஆனாலும் வகுப்பு நடந்தது, தேர்வு நடந்தது, விளையாட்டு நடந்தது. லிடல் அவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், ஆட்டங்களை நடத்திக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், 43 வயதில், அந்த முகாமிலேயே இறந்தார். மாணவர் வாழ்வுக்கு முதலில் வேண்டியது நீச்சல்குளமும் அரங்கமும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நாலாவது காரணம் கனமானது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடம். உண்மைதான், ஒரு சண்டை வந்தால் ஒளிய இடமில்லை. நேற்று முறைத்துக்கொண்ட இருவரும் இன்று ஒரே அணியில் ஆட வேண்டும், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து நிற்க வேண்டும். பெரிய பள்ளியில் நண்பர் கூட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், இங்கே பேசித்தான் தீர்க்க வேண்டும். அது கஷ்டம். பதினாறு வயதில் அந்தக் கஷ்டத்தைப் பட்டவர்கள் பிற்பாடு குடும்பத்திலும் வேலையிலும் அதைக் கொண்டு பிழைக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து துன்புறுத்தினால், "நீங்களே சமாதானமாகுங்கள்" என்று பெரியவர்கள் விலகி நிற்கக் கூடாது. நூறு பேர் பள்ளியில் தெரியவில்லை என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் வழியில்லை, பார்த்தால் தலையிட வேண்டும். விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்கும் பள்ளிகளும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. அந்தக் குறை பள்ளியின் அளவால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. கேள்வி கேட்ட மாணவனைத் தனியே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேச முடிவது சிறிய பள்ளியால்தான். அந்த மாணவன் பெயர் தெரியும், வீடு தெரியும், அவனுக்கு அந்தச் சந்தேகம் எப்போது வந்தது என்பதுகூடத் தெரியும்.

பாடப்பிரிவுகள் குறைவு, ஆய்வுக்கூடம் சிறியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைக் காசு வந்தால் சரிசெய்யலாம். உன்னை எதிர்பார்க்கிறோம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் புகழ்கிற அந்தப் பெரிய பள்ளியில் பத்து அணிகள், நாலு இசைக்குழு, இரண்டு அரங்கம் எல்லாம் இருக்கட்டும். மாலை நாலு மணிக்கு, எதிலும் தேர்வாகாத பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் தலைமையாசிரியருக்குத் தெரியும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் மற்ற வாதங்களைத் தொடங்குங்கள், காத்திருக்கிறேன். நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.