555 புத்தகத்தில் ஒரு நாவல்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை என்றால் அது மிகை. இரண்டு நாள். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊரில் பணிபுரியும் ஆசிரியை எழுதியிருக்கிறார். கேள்வியைப் படிக்கிறேன்: “ஐயா, எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களிடம் நாவலைப் பற்றி எதைக் கேட்டாலும் குறிப்பேட்டில் உள்ளதையே ஒப்பிக்கிறார்கள். கொஞ்சம் கற்பனையோடு அவர்களைப் பதில் சொல்லவைக்க என்ன வழி? அதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?”

தங்கச்சி, நல்ல கேள்வி. நானும் சுங்கை சிப்புட்டில் பல வருடம் சனிக்கிழமைக் காலைகளில் இதே வகுப்பை நடத்தியவன். “கதாநாயகன் தியாக உள்ளம் கொண்டவன்” என்ற வாக்கியத்தை எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த நாவலாக இருந்தாலும் கதாநாயகனுக்குத் தியாக உள்ளம். என்ன மாயமோ!

என் வழக்கமான பாட்டு உங்களுக்குத் தெரியும்: மாணவனை நாவலோடு சண்டை போட விடுங்கள். போன மாதமும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சண்டை போடுகிறவன்தான் படித்திருக்கிறான்.

அட்டைப்படம் வரையச் சொல்வது, கதைமாந்தருக்குக் கடிதம் எழுதச் சொல்வது, ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து “நீதான் கதாநாயகி, பதில் சொல்” என்று வகுப்பே விசாரிப்பது, இவையெல்லாம் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருவார்கள். நாற்காலி நன்றாகவே வேலை செய்யும். அட்டைப்படத்தில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. நாவலைத் திறக்காத பையன் அழகாக வரைந்துகொண்டு வருவான்: ஒரு மரம், ஒரு சூரியன், அழும் பெண். நான் வைத்திருந்த சோதனை ஒன்றுதான். நாவலைப் படிக்காமல் இதைச் செய்துவிட முடியுமா? முடியுமென்றால் அந்தப் பயிற்சி வேண்டாம்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் படித்தது ரப்பர்த் தோட்டத்தைப் பின்னணியாகக் கொண்ட நாவல். பெயரைச் சொல்லமாட்டேன், அதைக் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன். “இந்தக் குடும்பம் மளிகைக் கடையில் என்ன வாங்கியிருக்கும்? ஆறு மாதக் கடன் கணக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றேன். அவள் ஒரு 555 புத்தகத்திலேயே எழுதிக்கொண்டு வந்தாள். நம் ஊர்க் கடைகளில் கடன் எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தை உங்களுக்கெல்லாம் தெரியும்.

முதல் பக்கங்களில் அரிசி, பருப்பு, நெத்திலி, மண்ணெண்ணெய், பீடி. மாதக் கடைசியில் உப்பும் மண்ணெண்ணெயும் மட்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு வரி: “வெள்ளைத் துணி, 2 கெஜம்.” அடுத்த வாரத்தில் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில், “திருப்பிக் கொடுத்தது.”

எனக்குப் புரியவில்லை. கேட்டேன். “சார், மூத்த மகன் பள்ளியிலிருந்து நின்றுவிட்டான் என்று நாவலில் ஒரே வாக்கியம்தான் வருகிறது. காரணமே இல்லை. பள்ளிச் சட்டைக்குத் துணி வாங்கியிருப்பார்கள், தைக்காமல் திருப்பியிருப்பார்கள்” என்றாள். நாவலாசிரியர் தாண்டிப்போன இடத்தில் அவள் நின்றுவிட்டாள். தாயின் பண்புநலன்களை எழுது என்று கேட்டிருந்தால் அவளும் “தியாக உள்ளம்” என்றுதான் எழுதியிருப்பாள்.

சண்டை இனிமேல்தான். நாவலில் இரண்டு வாரம் விடாமல் மழை பெய்கிறது. அந்த மாதச் சம்பளத்தில் அப்பா மகளுக்கு வளையல் வாங்குகிறார். இவளுடைய கணக்கு அங்கே இடிக்கிறது. வீட்டில் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். இவள் பிறந்தபோது இங்கே பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை இவள் கண்டதில்லை. பாட்டி சொல்லியிருக்கிறார்: பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர்தான் நிறையும். தினக்கூலிக்காரனுக்கு வெட்டு இல்லாத நாளில் கூலி ஏது? “சார், வளையல் கடனில்தான் வந்திருக்கும். கதையில் அது மறைந்துபோய்விட்டது” என்றாள். கடைசிப் பக்கத்தில் அந்தக் கடனையும் எழுதிவைத்திருந்தாள். அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டினேன். கணித ஆசிரியர் கூட்டலைச் சரிபார்த்தார். ஓரிடத்தில் தப்பு.

இன்னொன்று. வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தின் கதை ஒன்றில் மனைவி மத்தியானம் கணவனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிறாள். 1951ஆம் வருடம். ஒரு பையன் அதைத் தன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக்காட்டியிருக்கிறான். பாட்டி சிரித்துவிட்டார். “அப்போது கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். சோறு எப்படியடா வெளியே போகும்?” காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக்கூடாது என்ற கட்டுப்பாடு அது. அவசரகாலம் எங்கோ நடந்த சங்கதி என்று அந்தப் பையன் நினைத்திருந்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அது பிறப்பிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. நம் ஊர் விஷயம் நம் பிள்ளைக்கே தெரியவில்லை. அவன் அந்தக் காட்சியை மாற்றி எழுதினான்: பெண் கேட் வரை வருகிறாள், சட்டியைத் திறந்து காட்டுகிறாள், திரும்பிப் போகிறாள். அரைப் பக்கம்தான். நாவலாசிரியரின் காட்சியைவிட நன்றாக இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் எழுத வராது. சயாம் ரயில்பாதை பற்றிய கதையைப் படித்த ஒருவன் ஒன்றுமே எழுதவில்லை. 1942, 43இல் ஜப்பானியர் போட்ட பாதை, 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோனார்கள். இவன் சுவரில் மாட்டிய வரைபடத்தில் நூல் கட்டி அளந்து, “ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பி வரும் தூரம், சார்” என்றான். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதுவும் பதில்தான்.

மதிப்பெண்ணா? அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. எதற்குத் தப்பிக்கிறேன் என்றால், நீங்கள் கேட்காத வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆசை: “ஐயா, நீங்கள் எந்த நாவலோடு சண்டை போட்டீர்கள்?”

தோட்டத் துண்டாடலை, அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதைப் பற்றிய ஒரு நாவலோடு. அதில் தோட்டம் விற்கப்படும்போது எல்லாரும் அழுகிறார்கள், லாரி ஏறுகிறார்கள். ஏழெட்டுப் பக்கம் அழுகை. என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அப்பா அதற்கு மாதம் பத்து வெள்ளிப் பணம் கட்டினார். அந்தப் பத்து வெள்ளிக்காக அம்மா போட்ட சண்டை இருக்கிறதே! “இருக்கிற வீட்டுக்கே ஓட்டை, இவர் தோட்டம் வாங்கப் போகிறார்” என்பார். அந்த நாவலில் அப்படி ஒரு வீடு இல்லை.

படித்த அன்றிரவே நான் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன், அம்மாவின் குரலில். அதுவும் ஒரு 555 புத்தகத்தில்தான், கையில் வேறு தாள் இல்லை. மாணவர்களிடம் அத்தனை கேட்டு வாங்கினேனே தவிர, அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. இருக்கட்டும், தேடிப்பார்க்கிறேன்.

அடுத்த கேள்வி பினாங்கிலிருந்து. ரப்பருக்கு நாம் சொல்லும் ‘கித்தா’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்.