கைக்கு ஏற்ற மௌஸ்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஹட்டனில் கணினி திருத்துவதும் கற்றுக்கொடுப்பதுமாக எனக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கு மௌஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சுட்டி என்று இருக்கும். கடையில் எல்லோரும் மௌஸ் என்றுதான் கேட்கிறோம், அதனால் நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கணினி வாங்க வருகிறவர்கள் ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று நன்றாக விசாரிப்பார்கள். மௌஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெட்டியோடு கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் நாள் முழுக்கக் கையில் இருக்கப்போவது அதுதானே? கவ்வாத்து வெட்டுகிறவர் அடுத்தவருடைய கத்தியை வாங்கி வெட்ட விரும்பமாட்டார். பிடி அவர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். மௌஸும் அப்படித்தான். முதலில் கையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மௌஸ்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். அவர்களுடைய தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். யார் சந்தா கட்டினார்கள், யார் வீட்டுக் காரியத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் முத்து முத்தான எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் லயத்து வீட்டுக் கூரை ஒழுகி இரண்டு கொப்பி நனைந்து, மை ஊறி, பாதிப் பெயர்கள் அழிந்துபோயின. அதற்குப் பிறகுதான், "தம்பி, எனக்கு கொம்பியூட்டர்ல கணக்கு எழுதப் பழக்கி விடுங்க" என்று சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்.

விசைப்பலகை அவருக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. மௌஸ்தான் வரவில்லை. நானும் மற்றவர்களுக்குச் சொல்வது போலவே, பிடியுங்கள், நகர்த்துங்கள், இரண்டு தடவை தட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மௌஸைக் கிள்ளிப் பிடித்து, தன்னையறியாமல் மேசையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடுவார். தூக்கினால் அம்புக்குறி அசையாது. மௌஸின் அடியில் இருக்கும் சிறிய கமெரா ஒரு நொடிக்குள் மேசையைப் பல தடவை படம் எடுத்துப் பார்த்துத்தான் கை எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்கிறது. மேசையை விட்டு விலகினால் அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை தட்டச் சொன்னால், முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் கை நகர்ந்துவிடும். கணினி அதை இரட்டைத் தட்டாக எடுத்துக்கொள்ளாது.

அந்த விரல்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு என்று முப்பத்தொரு வருடம் கிள்ளிய விரல்கள். பெருவிரல் மூட்டு வீங்கி, பனி கொட்டும் மாதங்களில் மடக்கவே முடியாத விரல்கள். நேயர்களில் பலருக்கு இது தெரிந்த வலிதான். உங்கள் வீட்டிலேயே யாருக்காவது இருக்கும். அந்தக் கையிடம் ஒரு வழுக்குகிற பிளாஸ்டிக் கட்டியைக் கொடுத்து, மெதுவாகப் பிடி, அசையாமல் தட்டு என்றால் எப்படி முடியும்?

அப்போது என்னிடம் பந்து மௌஸ் ஒன்று இருந்தது. டிராக்பால் என்பார்கள். மௌஸ் மேசையில் அசையாமல் இருக்கும், மேலே இருக்கிற பந்தை மட்டும் உருட்டினால் போதும். நான் வைத்திருந்தது பெருவிரலால் உருட்டும் வகை. இன்று கடைகளில் பேசப்படும் லொஜிடெக் எம்575 அந்த வகைதான். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவுக்குக் கொடுத்தபோது பத்து நிமிடத்தில் கையை உதறிக்கொண்டார். தேய்ந்துபோன அதே பெருவிரலுக்கு நான் இன்னொரு வேலையைக் கொடுத்திருந்தேன்!

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கை வலிக்கிறவர்களுக்கு டிராக்பால் நல்லது என்று யாராவது சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளாதீர்கள். எந்த விரல் வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பிறகு கொழும்பில் சொல்லி வைத்து நடுவில் பந்து இருக்கிற வகை ஒன்றை வரவழைத்தேன். கென்சிங்டன் ஆர்பிட் மாதிரியான அமைப்பு. இதில் பந்தை உருட்டப் பெருவிரல் தேவையில்லை. நடுவிரல்களையோ உள்ளங்கையையோ வைத்துப் பந்தை உருட்டலாம். பொத்தான்கள் இரண்டு பக்கத்திலும் தள்ளி இருப்பதால், தட்டும்போது பந்து அசையாது. வலக்கை, இடக்கை இரண்டுக்கும் பொருந்தும். அந்த அம்மா அதில் கையை வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் உருட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இது நின்ன எடத்திலயே நிக்குது தம்பி. தேட வேண்டியதில்ல." மூன்று மாதத்தில் மிச்சமிருந்த கொப்பிகள் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டார். நனைந்த கொப்பிகளில் அழிந்த பெயர்களையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பினார். வாரத்துக்கு ஒரு தடவை பந்தை வெளியே எடுத்து, உள்ளே அது உட்காரும் மூன்று சின்னக் குமிழ்களிலும் படிந்த அழுக்கைத் துடைப்பதும் அவரே.

இந்தப் பந்து ஏதோ புதுமை என்று நினைக்காதீர்கள். மௌஸுக்கும் மூத்தது. 1952-இல் கனடா கடற்படைக்காகச் செய்த டிராக்பாலில் பௌலிங் விளையாடுகிற பந்தைத்தான் பொருத்தியிருந்தார்கள். மௌஸ் வந்தது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவருடைய யோசனை அது. 1964-இல் பில் இங்லிஷ் அதைச் செய்து கொடுத்தார். மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான். நடுவில் சக்கரம் வைத்த மௌஸ் பரவலானது 1996-இல் மைக்ரோசொப்ட்டின் இன்டெலிமௌஸ் வந்த பிறகுதான். ஆக, இதுதான் மௌஸ் என்று ஒரே உருவம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சரி, அடுத்து அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிறேன். தோட்டத்துக் கிளாக்கர்கள், வங்கியில் இருப்பவர்கள், காலையிலிருந்து மாலை வரை எண்களையே அடிக்கிறவர்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். வலது உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வையுங்கள். இப்போது இடது கையால் வலது முன்கையை மெதுவாகத் தொடுங்கள். அப்படியே வலது கையை, ஒருவருக்குக் கைகொடுப்பது போல நிமிர்த்துங்கள். முன்கை திரும்புவதும், ஓர் இறுக்கம் விடுவதும் தெரிகிறதா? நிமிர்ந்த மௌஸ் என்று விற்பது இதற்காகத்தான். லொஜிடெக் எம்எக்ஸ் வேர்ட்டிகலில் 57 பாகை சரிவு இருக்கிறது. அதே சரிவில் லிஃப்ட் என்று சின்னக் கைகளுக்கும் ஒன்று வந்திருக்கிறது. முதல் வாரம் குறி தப்பும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மணிக்கட்டில் மரத்துப்போகும் உணர்ச்சி தொடர்ந்து இருந்தால் மௌஸை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

கிளாக்கர்களுக்கு இன்னொன்று. விசைப்பலகையின் வலப்பக்கத்தில் எண்கள் இருப்பதால் மௌஸ் இன்னும் தள்ளிப் போகிறது, தோள் விரிந்தபடியே இருக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த மௌஸ் வாங்கினாலும் இது மாறாது. இடது கையால் மௌஸைப் பிடிக்கப் பழகிவிட்டால் மாறும். நான் பழகியிருக்கிறேன், மூன்று வாரம் எடுத்தது.

இடது கை என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறது. பிறவியிலேயே இடக்கைக்காரன். அவன் படித்த இடத்தில் இருந்ததெல்லாம் வலக்கைக்கு வளைத்துச் செய்த மௌஸ்கள். இடப்பக்கம் எடுத்து வைத்தால் திரும்ப வலப்பக்கம் வைக்கச் சொல்வார்களாம். அவன் கணினியில் மந்தம் என்றே முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சாதாரண மௌஸ் ஒன்றைக் கொடுத்து, பொத்தான்களை மாற்றி வைத்தோம். விண்டோஸ் அமைப்புகளில் மௌஸ் என்ற பகுதிக்குப் போனால் அந்த வசதி இருக்கிறது, செலவே கிடையாது. இப்போது அவன் கொழும்பில் படம் வரையும் வேலை செய்கிறான். ஆசிரியர்களே, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இடக்கைக்கென்றே லிஃப்ட் மௌஸில் தனி வகையும் உண்டு.

விளையாட்டுக்கு வாங்குகிற தம்பி தங்கைகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, என்னைவிட அவர்களுக்குத் தெரியும். எடை குறைந்ததாகப் பாருங்கள். பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் இருக்கிறதே என்று மயங்காதீர்கள், உங்கள் விளையாட்டுக்கு அத்தனையும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கண்ணாடி மேசை வைத்திருக்கிறவர்கள் மௌஸ் பழுது என்று கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் பழுதே இல்லை. கண்ணாடியில் பிடித்துக்கொள்ளப் புள்ளியோ கோடோ இல்லாததால் சாதாரண மௌஸ் தடுமாறுகிறது. கண்ணாடியிலும் ஓடும் வகை விலை கூடியது. அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் போதும்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தான். தலை அசைவில் ஓடும் மௌஸ், காலால் மிதிக்கும் மௌஸ் எல்லாம் சொல்ல வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மௌஸைப் பிடிக்கவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், விண்டோஸ் கணினியில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், Num Lock என்று எழுதியிருக்கும் நம் லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல்லுங்கள். அதன் பிறகு வலப்பக்க எண் விசைகளே அம்புக்குறியை நகர்த்தும். ஐந்தை அழுத்தினால் ஒரு தட்டு, கூட்டல் குறியை அழுத்தினால் இரட்டைத் தட்டு. ஆல்ட், ஷிஃப்ட், நம் லொக். எழுதிக்கொண்டீர்களா? வணக்கம்.