மீன் கவர் மேல மார்க்கர்ல எழுதலாமா? முட்டை டப்பாவுக்கு என்ன பண்றது?

அடுத்த கேள்வி, ஒரு நண்பர் கேட்டிருக்காரு, அண்ணா வளர்ப்பு மீனை உயிரோட பேக் பண்ற கவர் மேல பெர்மனன்ட் மார்க்கர்ல பேர் எழுதினா மீனுக்கு ஏதாவது ஆகுமா, கில்லிங்கிற சின்ன கலர் மீனோட முட்டையை வைக்கிற டப்பாவுலயும் அப்படியே எழுதிக்கலாமானு.

இதுல பயப்பட வேண்டியது மார்க்கர்ல இருக்கிற சால்வென்ட்டுக்கு, அதாவது மையைக் கரைச்சு வச்சிருக்கிற திரவத்துக்குதாங்க. சில மார்க்கர்ல ஆல்கஹால் இருக்கும், சிலதுல சைலீன், டொலுவீன், அந்த மூக்குல குப்புனு ஏறுமே அந்த டைப், அதை மீன் பக்கமே கொண்டு போகாதீங்க. பாலித்தீன் கவர்ல தண்ணி கசியாது, ஆனா இந்த சால்வென்ட் கொஞ்சம் கொஞ்சமா ஊடுருவி உள்ள போகும். அதனால மீனை போட்டு கட்டினதுக்கு அப்புறம் எழுதாதீங்க, ஆல்கஹால் மார்க்கர்னாலும் காலி கவர்லயே எழுதி, வாசனை சுத்தமா போற வரைக்கும் காய வச்சிட்டு தண்ணி ஊத்துங்க, டபுள் கவர் போட்டா வெளி கவர்ல மட்டும் எழுதுங்க.

என்னைக் கேட்டா மாஸ்கிங் டேப்ல பென்சில்ல எழுதி ஒட்டுறதுதான் பெஸ்ட், பென்சில் எழுத்து தண்ணி பட்டாலும் கரையாது, ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனா எல்லாம் ஒரு சொட்டு பட்டாலே ஓடிடும்.

முட்டை டப்பாவுக்கு இன்னும் கவனம் வேணும், ஏன்னா அதுல 100, 200 மில்லி தண்ணிதான் இருக்கும், எது கலந்தாலும் நீர்த்துப் போக வழியே இல்ல. லேபிளை டப்பாவோட பக்கவாட்டுலதான் ஒட்டணும், மூடியில எழுதவே எழுதாதீங்க, நாலு டப்பாவை ஒண்ணா திறந்து பூஞ்சை பிடிச்ச முட்டையை எடுத்துட்டு மூடும்போது மூடி கண்டிப்பா மாறிடும், அப்புறம் எது எந்த மீன்னே தெரியாது. கில்லியில ஒரு வகையான நோத்தோபிராங்கியஸ்ல எல்லாம் பெண் மீன் பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், கலந்துட்டா பிரிக்கிறது ரொம்ப கஷ்டம், தெரியாம ஜோடி சேர்த்து ஹைப்ரிட் ஆகிடும். அதனால இனத்தோட முழு பேர், அது எந்த இடத்து மீன்ங்கிறது, முட்டை எடுத்த தேதி, மூணும் எழுதணும்.

ஈரமான பீட்ல, அதாவது மக்கின பாசித் தூள்ல வைக்கிற முட்டைன்னா தேதி இல்லாம ஒண்ணுமே பண்ண முடியாதுங்க. நோத்தோபிராங்கியஸ் குந்தேரிங்கிற இனத்துக்கு சுமார் 3 மாசம், சூட்டைப் பொறுத்து முன்னபின்ன ஆகும், குஞ்சு பொரிக்க எப்போ தண்ணி ஊத்தணும்னு அந்த தேதியை வச்சுதான் கணக்கு போடணும். பீட் கவர்ல வெளிய ஈரம் பட்டு டேப் உரிஞ்சிடும், அதனால இன்னொரு சீட்டு பென்சில்ல எழுதி ரெண்டு கவருக்கு நடுவுல வச்சிடுங்க.

பழைய டப்பாவை திரும்ப யூஸ் பண்றப்போ பழைய லேபிளை உரிச்சிட்டு ஒட்டுங்க, மார்க்கர் எழுத்தை அழிக்க தின்னர் வேண்டாம், ஸ்பிரிட்ல துடைச்சு நல்லா கழுவி காய வச்சா போதும்.