முற்றத்தில் ஒரு பாட்டு, அரங்கில் அதே பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஜமைக்காவின் பாப் மார்லி பாடிய 'நோ உமன் நோ க்ரை' என்ற பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே பாட்டுத்தான், ஆனால் என் வீட்டில் அது இரண்டு பாட்டாக இருக்கிறது.

கல்லூரி விடுதியில், அறைத் தோழனின் கேசட்டில்தான் முதலில் கேட்டேன். கூட்டத்தின் ஆரவாரத்தோடு தொடங்கி, ஏழு நிமிடத்துக்கும் மேல் நிதானமாக நடக்கும் பாட்டு. பல ஆண்டுகள் கழித்து ஒரு குறுந்தகட்டில் அதே தலைப்பைக் கண்டு ஆசையாகப் போட்டால், பாட்டு குடுகுடுவென்று ஓடியது; சுமார் நான்கு நிமிடத்தில் முடிந்தும்போனது. கேசட்டாக இருந்தால் மோட்டார்மேல் பழி போட்டிருப்பேன். குறுந்தகடு அப்படி ஓடாதே! 1974இல் 'நாட்டி டிரெட்' தொகுப்புக்காக ஸ்டுடியோவில் பதிவான மூலப் பாட்டு அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விடுதியில் நான் கேட்டது, 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பாடியது.

முதலில் தலைப்பு. "பெண் இல்லாவிட்டால் அழுகை இல்லை" என்று இதற்குப் பொருள் சொல்லிச் சிரிப்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். விடுதியில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜமைக்கா மக்களின் பேச்சில் அந்த இரண்டாவது 'நோ' என்பது 'வேண்டாம்' என்று தடுக்கும் சொல். "வேண்டாம் பெண்ணே, அழாதே" என்பதுதான் பாட்டு. அழுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்; தேற்றுகிறவன் கிளம்ப வேண்டியிருக்கிறது.

எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? கிங்ஸ்டன் நகரத்தின் டிரெஞ்ச்டவுனில், அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு முற்றத்தில். சுற்றிலும் சிறு சிறு வீடுகள், நடுவில் முற்றம், சமையலும் தண்ணீரும் பொதுவில். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவில் விறகு மூட்டி, மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சி, இருப்பதைப் பகிர்ந்து குடித்த நாட்களை அவன் அவளுக்கு நினைவூட்டுகிறான். முற்றத்தில் வந்து கலக்கும் போலி மனிதர்களைக் கவனித்ததையும், வழியில் இழந்த நண்பர்களையும் சொல்கிறான். தனக்கு வண்டி வாகனம் தன் கால்கள்தான் என்கிறான். கோஷம் இல்லை, யாரையும் திட்டவில்லை. வறுமையைப் பற்றிய பாட்டு என்று அறிவித்துக்கொள்ளாமலே வறுமையின் கணக்கு முழுவதையும் ஒப்பித்துவிடுகிறது.

ஸ்டுடியோப் பதிவில் பின்னணியில் ஒரு தாள இயந்திரம் 'டிக் டிக்' என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறது. வெகுநாள் அதை நான் மட்டமாக நினைத்தேன். இப்போது அது சுவர்க் கடிகாரம்போலக் கேட்கிறது: கிளம்ப நேரமாகிவிட்டது, சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல் என்று. மார்லியோடு தொடக்கம் முதல் பாடிய பீட்டர் டோஷும் பன்னி வெய்லரும் பிரிந்துபோன பிறகு வந்த தொகுப்பு அது. இழந்த நண்பர்களைப் பற்றிய அந்த வரி வரும்போது அவர்கள் நினைவு வராமல் என்னால் கேட்க முடிவதில்லை.

லைசியத்தில் கடிகாரம் இல்லை. ஆர்கன் மெல்ல எழுகிறது. மார்லி வாய் திறப்பதற்கு முன்பே கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறது! பாட்டு வெளியாகி ஓராண்டுகூட ஆகவில்லை. கார்ல்டன் பாரட்டின் டிரம், ஜமைக்காவில் பிறந்த ரெக்கே என்ற இசைப் பாணிக்கே உரியபடி முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாம் அடியில் இறங்குகிறது. அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரட்டின் பேஸ் கிடார் அந்தக் காலியிடத்தில் காலாற நடக்கிறது. கச்சேரியில் ஒரே வரியை விடாமல் நிரவல் செய்கிற பாடகரைப் போல, "எல்லாம் சரியாகிவிடும்" என்ற வரியை மார்லி திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

என் சங்கடம் அந்த வரியில்தான். அரங்கம் முழுவதும் சேர்ந்து "எல்லாம் சரியாகிவிடும்" என்று பாடினால் நம்பாமல் இருக்க முடியுமா? நானும் நம்புகிறேன், மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அந்த நேரத்தில் அழுத பெண்ணை நான் மறந்துவிடுகிறேன். கஞ்சியும் விறகும் எங்கோ போய்விடுகின்றன. ஸ்டுடியோவில் அதே வரியை ஒருவன் ஒருத்தியிடம் சொல்கிறான், சரியாகும் என்பதற்கு அவன் கையில் எந்த ஆதாரமும் இல்லை. லண்டன் கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் நகரம் அது. முற்றம் என்ற சொல்லைக் கேட்டு ஊரை நினைத்தவர்களும் அங்கே நின்றிருப்பார்கள்.

1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பில் மேடைப் பதிவையே சேர்த்தார்கள். அதனால் உலகம் அறிந்தது அதைத்தான்.

இன்னொரு செய்தி. பாட்டை எழுதியவர் என்று தட்டில் அச்சாகியிருப்பது மார்லியின் பெயர் இல்லை, வின்சென்ட் ஃபோர்ட். டிரெஞ்ச்டவுனில் ஏழைகளுக்குச் சோறு போட்ட நண்பர். உரிமைத்தொகை அந்த அடுப்பை அணையாமல் காக்கட்டும் என்றே மார்லி பெயரை மாற்றினார் என்பார்கள். முன்பு மார்லியின் பாட்டுரிமைக்கு ஒப்பந்தம் போட்டிருந்த பதிப்பாளரிடம் பணம் போகாமலிருக்கச் செய்த தந்திரம் என்றும் சொல்வார்கள். 2014இல் லண்டன் நீதிமன்றத்தில் பதிப்புரிமை வழக்கு நடந்தபோது, எழுதியவர் மார்லியே என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டுதான் வாதாடின. இரண்டு காரணமும் ஒரே மனிதருக்குள் ஏன் இருக்கக்கூடாது? கஞ்சியைப் பற்றிப் பாடியவருக்குக் கஞ்சி காய்ச்ச என்ன செலவாகும் என்பதும் தெரிந்திருக்கும்.

நிலையத்தார் இரண்டு பதிவுகளையும் இப்போது ஒலிபரப்ப இசைந்திருக்கிறார்கள். முதலில் 1974ஆம் ஆண்டுப் பதிவு. பாட்டு வேகமாக ஓடுகிறதே என்று ரேடியோவைத் தட்டிவிடாதீர்கள்.