கட்டியது அவிழும், ஒட்டியது?

[காட்சி: கடற்கரை மணலில் பக்கம் பக்கமாகக் காயும் நான்கு மரத்தடிகள். பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்த நான்கு தடிகளும் உடைந்த படகின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இது நல்ல நிலையில் இருக்கிற ஒரு கட்டுமரம். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடித்த மரம் கனத்துப்போகும், காய்ந்தால்தான் நன்றாக மிதக்கும். அடுத்த முறை போகும்போது அதே மரங்களைத் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். ஒரு தடி உளுத்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

குமரி மாவட்டக் கரையில் குளச்சல், முட்டம், மணக்குடி என்று எங்கே போனாலும் ஒரு காலத்தில் இது அன்றாடக் காட்சி. இதை முதலில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பழைய பொருளை வைத்துப் புதிய கலை, புதிய வடிவமைப்பு என்று பேச்சு எடுத்தாலே நாம் பொருளைத்தான் பார்க்கிறோம். சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், விளக்கு, பாட்டிலில் பூச்சாடி, பழைய கதவில் மேசை. நான் பார்க்கச் சொல்வது இணைப்பை. இரண்டு துண்டுகளை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள்? அதைத் திரும்பப் பிரிக்க முடியுமா?

[காட்சி: பத்மநாபபுரம் அரண்மனை, தக்கலை. மரக்கூரையின் உட்பக்கம்.]

சரி, கடற்கரையிலிருந்து தக்கலைக்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனை, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த இடம். மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். சுற்றுலா வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும் தரையைப் பார்த்து வியப்பார்கள். நீங்கள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள்.

இந்தப் பக்கத்து மரக்கூரையில் கூரையைத் தாங்கும் சட்டங்களான கழுக்கோல்கள் சாய்வாக இறங்கும். அவற்றின் நடுவே துளை போட்டு, எல்லாவற்றையும் கோர்த்து ஒரு நீளச் சட்டம் ஓடும். ஒரு மரத்தின் குடுமி இன்னொன்றின் துளைக்குள் போய் உட்கார, குறுக்கே மர ஆப்பு இறங்கும். சாதாரண வீடுகளிலும் இதே வேலைதான். மச்சுக்கும் சுவருக்கும் பலகை அடுக்கிய, தட்டும் நிரையும் வைத்த வீடு என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அது ஒரு பெரிய மரப்பெட்டி. பிரிக்கலாம், வண்டியில் ஏற்றலாம், வேறு ஊரில் எழுப்பலாம்.

கதையாகச் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால் கேரளத்து மரவீடுகள் நிற்கின்றன. அவை மாதிரிக்குப் புதிதாகக் கட்டியவை அல்ல. இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கான்கிரீட் வீட்டை அப்படி எடுத்துப் போக முடியுமா? இடித்தால் கம்பி மட்டும்தான் தேறும்.

தக்கலைப் பக்கம் பழைய மரக்கடை ஒன்றில் ஒரு வயதான ஆசாரியிடம் இதைக் கேட்டேன். பழைய உத்தரம் ஒன்றிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார், பிற்பாடு யாரோ அடித்த ஆணி. "ஆப்புன்னா பின்பக்கத்துல ஒரு தட்டு தட்டுனா போதும் மக்கா, வந்துரும். இது அங்கயே துருப்பிடிச்சுக் கெடக்கு, மரத்தையும் திங்குது" என்றார். அந்த உத்தரம் அயனி, பலா இனத்து மரம். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் கறுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது.

[காட்சி: மணக்குடிக் காயல். ஊறும் கதம்பல் (தேங்காய் மட்டை). கயிறு திரிக்கும் ராட்டு.]

அயனி என்றதும் ஒரு கப்பல் ஞாபகம் வருகிறது. 1980-இல் ஓமான் நாட்டில் ஆணியே இல்லாத ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டி, அங்கிருந்து சீனா வரைக்கும் ஓட்டிப் போனார்கள். பெயர் சோஹார். மரம் மலபாரிலிருந்து போன அயனி. பலகைகளைத் தைத்தவர்களில் லட்சத்தீவுக்காரர்கள் உண்டு. தைத்த கயிறு தேங்காய் நார்க் கயிறு, நீட்டினால் ஏறத்தாழ 400 மைல் வரும்! நம் கடற்படையும் அஜந்தா ஓவியத்தைப் பார்த்து அப்படியொரு தையல் கப்பலைக் கட்டி, கௌண்டின்யா என்று பெயரிட்டு, 2025 மே மாதம் சேர்த்துக்கொண்டது. தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள்.

ஏன் தேங்காய் நார்? பச்சைக் கதம்பலை உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் காயலில் மாதக்கணக்கில் புதைத்து வைப்பார்கள். நாரைப் பிடித்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அந்த நாற்றத்தை நான் வர்ணிக்க வேண்டாம், மணக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் மிஞ்சும் நாரில் லிக்னின் அதிகம். மரத்துக்கு விறைப்புத் தரும் அதே பொருள்தான் அது. அதனால்தான் உப்புநீரில் இரும்பு அரித்துப்போனாலும் கயிறு தாக்குப்பிடிக்கும். பழைய தையல் வள்ளங்களில் கயிறு தளர்ந்தால் தையலைப் பிரித்து, பலகையைக் காயவிட்டு, புதுக் கயிற்றால் திரும்பத் தைப்பார்கள். கயிறு தேயும், பலகை நிற்கும். எது தேய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்த வேலை இது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. குற்றம் சொல்லவில்லை. எல்லாம் போனவர்களுக்கு உடனே தொழில் வேண்டும், ஃபைபர் படகு லேசானது, வேகமானது. ஆனால் கண்ணாடி இழையையும் ரெசின் என்ற செயற்கைப் பிசினையும் சேர்த்து இறுக வைத்த உடல் அது. பழசானால் பிரிக்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை, மணலில் விட்டால் மக்காது. கட்டுமரத்துத் தடி கடைசியில் விறகாகவாவது அடுப்புக்குப் போகும்.

[காட்சி: செங்கல் சுவர், நெருக்கமாக.]

சுவருக்கும் இதே கேள்விதான். பழைய சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவரைப் பிரித்தால் சாந்து உதிரும், கல் முழுசாக வரும், சுரண்டிவிட்டு அடுத்த சுவருக்கு வைக்கலாம். சிமெண்டுச் சாந்து கெட்டி, அது விடுவதற்கு முன் கல் உடைந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, அங்கேயே 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்க்காரன் இந்த வீடியோவை முடிக்க முடியாது. பர்மிங்காமில் பிறந்தவர், நம் கொத்தனார்களிடம் பாடம் கேட்டவர். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை அப்படியே புது வீட்டில் வைத்தார். பாட்டிலைச் சுவரில் பதித்து வெளிச்சம் எடுத்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு கல் மிச்சம் என்று காட்டினார். கூரைக் கான்கிரீட்டுக்குள் உடைந்த ஓடுகளை வைத்துச் சிமெண்டையும் குறைத்தார். ஆனால் ஒன்று: கான்கிரீட்டுக்குள் போன ஓடு இனி வெளியே வராது. அந்த ஓட்டுக்கு அது கடைசி வேலை. பேக்கர் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்தக் கூரையைவிட அவர் எடுத்து மாட்டிய பழைய கதவைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன்.

கலையிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957-இலிருந்து யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிமெண்டில் பதித்துச் சிலை சிலையாகச் செய்தார். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்த பாறைத் தோட்டம். அற்புதமான இடம், ஆனால் அந்த வளையல்கள் அங்கேயே உறைந்துவிட்டன. கானா நாட்டில் பிறந்து நைஜீரியாவின் என்சுக்காவில் வேலை செய்த சிற்பி எல் அனாட்சுய் வேறு மாதிரி. மதுப்பாட்டில் மூடிகளைத் தட்டி, மடித்து, ஆயிரக்கணக்கில் செம்புக் கம்பியால் கோர்க்கிறார். சுவர் அளவுக்குப் பெரிய உலோகத் துணி. மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பலாம். மாட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மடிப்பு வேறாக விழும், அது அப்படித்தான் விழ வேண்டும் என்பது அவர் விருப்பமும்கூட. லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 2023-இல் அவர் படைப்பு தொங்கிய படங்களைப் பார்த்தபோது எனக்கு நம் கரையில் விரித்துக் காய்கிற வலைதான் தெரிந்தது.

இவ்வளவு பேசுகிற நானும் ஏமாந்தவன்தான். மூன்று வருடம் முன்பு சிரட்டைத் துண்டுகளைப் பதித்த ஒரு சின்ன மேசையை 'இயற்கைக்கு உகந்தது' என்ற அட்டையோடு வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். சிரட்டைக்கு மேலே விரலளவு ரெசின். வெயில் படும் இடத்தில் வைத்தேன், மஞ்சளாகிக் கீறல் விட்டது. ஆசாரியிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார், விரலால் தட்டினார். "இதுல நான் எங்க உளி வைக்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

[காட்சி: பட்டறை. கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) சத்தம் மட்டும், சில நொடி.]

போன மாதம் அவரிடமே வேறு வேலை கொடுத்தேன். சொந்தக்காரர் வீட்டை இடித்தபோது கிடைத்த ஐந்து நிரைப்பலகைகள், அவற்றில் ஒரு புத்தக அலமாரி. பசை இல்லை, ஆணி இல்லை. பழைய துளைகளில் இரண்டை அப்படியே பயன்படுத்திக்கொண்டார், ஒன்றை மரத்துண்டு வைத்து அடைத்தார், அடைத்த இடம் நன்றாகவே தெரிகிறது. கூலி அந்த மேசையின் விலையைவிட அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது கூடுதலாகச் செதுக்கிய இரண்டு ஆப்புகளை என் கையில் வைத்தார்.

"வீடு மாறும்போ விளிக்கணும் மக்கா. சேத்து வச்ச மாதிரியே பிரிச்சுத் தாறேன்."