கடைசி மூன்று அவுட்

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பால் என்றதும் வானொலியை அணைக்கக் கை போயிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். ஆட்ட விதிகளைச் சொல்லிக் கழுத்தறுக்க வரவில்லை. ஒரே ஒரு வேலையைப் பற்றியும், அதைப் பத்தொன்பது பருவங்கள் பார்த்த ஒருவரைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

பேஸ்பாலில் பந்து எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சருக்கு ஒரு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. அவர் களைத்த பிறகு வருகிறவர் ரிலீஃப் பிட்சர். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்றொரு அடைப்பு உண்டு. அதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். டெலிபோன் அடித்தால் எழுந்து தோளைச் சூடேற்ற வேண்டும். சில நாள் சூடேற்றியதோடு சரி, கூப்பிடவே மாட்டார்கள். இவர்களிலும் கடைசி ஆள் குளோசர். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், அணிக்கு ஒன்றிரண்டு ரன் முன்னிலை, எடுக்க வேண்டியது மூன்று அவுட். எடுத்துவிட்டால் அவர் பெயரில் ஒரு 'சேவ்'. எடுத்தால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. விட்டால் ஊரே பேசும்.

1969-இல்தான் இந்த சேவ் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் பனாமாவில் பிறந்தவர்தான் நான் சொல்ல வந்த மரியானோ ரிவேரா. புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்தார். அப்பா மீன்பிடிப் படகின் தலைவர். பால் அட்டைப்பெட்டிதான் பையனுக்குக் கையுறை, மரக்கிளைதான் மட்டை. படிப்பு முடிந்ததும் அப்பாவோடு கடலுக்குப் போய் மத்தி பிடித்தார். 1990-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை எடுத்தபோது கொடுத்தது சில ஆயிரம் டாலர்தான். 1995 மே மாதம் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான பெரிய லீகில் முதல் ஆட்டம். அதில் அவர் அணி 10-0 என்று தோற்றது. தொடக்க பிட்சராக அவர் தேறவில்லை. அப்படித்தான் புல்பென்னுக்கு வந்து சேர்ந்தார்.

1997-இல் குளோசர் ஆனார். அந்தக் கோடையில் சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகியது. பிடித்தவருக்கு எரிச்சல், எறிந்தவருக்குக் குழப்பம். நேராக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு விட்டுவிட்டார். அதுதான் பேர்போன 'கட்டர்'. இடக்கை ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றும்போது பந்து அவர் கைப்பக்கமாக உள்ளே வந்து, பிடிக்குச் சற்று மேலே படும். மட்டை முறியும். வருவது கட்டர்தான் என்று எதிரிக்கும் தெரியும், அரங்கில் கடலை விற்பவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒரே சரக்கை வைத்துக்கொண்டு இத்தனை காலம் கடை நடத்தியவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

652 சேவ். அது இன்றும் சாதனை. ஆனால் எனக்குப் பிடித்தது அவர் கோட்டைவிட்ட நாட்கள். 2001 உலகத் தொடரின், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரின், ஏழாவதும் கடைசியுமான ஆட்டம், நவம்பர் 4. அரிசோனாவில் யாங்கீஸ் 2-1 முன்னிலை. வழக்கமான பருவம் முடிந்து நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் அதற்கு முன் தொடர்ந்து 23 சேவ் எடுத்திருந்தார். அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில், தட்டிவிட்ட பந்தை எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்தார், கைதவறிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஸ்கோர் சமம். கடைசியில் அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலஸ் அடித்ததும் பெரிய அடி இல்லை. அரைகுறையாகப் பட்ட பந்து யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேல் எழும்பி, அவருக்குப் பின்னால் புல்தரையில் பொத்தென்று விழுந்தது. கோப்பை போனது.

ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம் நடந்திருக்கும். சக வீரர் என்ரிக்கே வில்சன் அதில் கலந்துகொண்டுவிட்டு நவம்பர் 12 விமானத்தில் டொமினிக்கன் குடியரசுக்குப் போவதாக இருந்தது. தோற்றதால் முன்னதாகவே கிளம்பிவிட்டார். நவம்பர் 12 விமானம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 260 பேரும் இறந்தார்கள். தோற்றதே நல்லது, ஒரு நண்பன் மிஞ்சினான் என்ற பொருளில் ரிவேரா பிறகு பேசியிருக்கிறார்.

2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக மறுபடியும் ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையை விட்டார். பாஸ்டன் அங்கிருந்து எழுந்து கோப்பை வரை போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் அவர் பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்தபோது அந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், கேலியாகத்தான். ரிவேரா சிரித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

2012 மே மாதம் கேன்சஸ் சிட்டியில் பயிற்சியின்போது ஒரு பந்தைத் துரத்தி ஓடி முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது வயதும் 42, சட்டை எண்ணும் 42. பெரிய லீகில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைப் போற்றி 1997-இல் எல்லா அணிகளும் விலக்கி வைத்த எண் அது. ஏற்கெனவே அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். அவர்களில் கடைசியாக மிஞ்சியவர் இவர். நொண்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று இன்னொரு வருடம் ஆடினார். அந்த வருடம் மினசோட்டா அணி ஒரு விடைபெறும் பரிசு கொடுத்தது. முறிந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி!

2013 செப்டம்பர் 26, யாங்கீ ஸ்டேடியத்தில் அவருடைய கடைசி ஆட்டம். அணி 4-0 பின்தங்கியிருந்தது, காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆனாலும் வந்தார். நான்கு பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரு அவுட் பாக்கி. அவரை வெளியே அழைக்க, மேலாளருக்குப் பதிலாகச் சக வீரர்கள் ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் நடந்து வந்தார்கள். பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார். அந்தக் கடைசி அவுட்டை வேறொருவர் எடுத்தார். ஆட்டம் முடிந்த பிறகு ரிவேரா தனியாகத் திரும்பி வந்து, பிட்சர் நிற்கும் மேட்டில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போனார்.

வணக்கம்.