த்ரீ நாட் த்ரீயின் உடம்பில் எழுதியிருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவோம். தவலையில் ஒரு பேரும் அதன் மூடியில் வேறொரு பேரும் இருந்தால், எங்கோ பந்தியில் மாறி வந்த மூடி என்று வீட்டுப் பெரியவர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். மூடி பொருந்துகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. பேர் ஒன்றுதானா என்பதே முதல் கேள்வி. பழைய ராணுவ ரைஃபிளில் எந்தப் பாகம் அதனுடையது, எது பிறகு வந்து ஒட்டியது என்று பார்க்கிற வேலையும் இதேதான். இன்றைக்கு நாம் எல்லோரும் பேர் கேட்டிருக்கிற ‘த்ரீ நாட் த்ரீ’யை, அதாவது .303 அங்குலக் குண்டு போடுகிற லீ-என்ஃபீல்ட் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். என்.சி.சி.யில் தோளில் வைத்து அணிவகுத்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பீர்கள். அதன் கனம் உங்கள் தோளுக்கே தெரியும்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களும் அடங்கும். போல்ட் என்கிற, குழாயின் பின்வாயை அடைக்கும் தண்டு, பேரல் என்கிற குழாய் என்று தனித்தனியாக வாங்குவது, கூரியரில் வரவழைப்பது எல்லாம் விளையாட்டல்ல. ஆகவே நான் பேசுவது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அல்ல. அருங்காட்சியகத்திலும், கோத் என்கிற கல்லூரி ஆயுத அறையிலும், படைப்பிரிவின் காட்சிக் கூடத்திலும் பொறுப்பாக ஒரு ரைஃபிளை வைத்திருந்து, அதற்குச் சரியாக ஒரு விவரச் சீட்டு எழுத நினைப்பவர்களுக்குப் பேசுகிறேன். பொறுப்பாளர் உடன் இருக்க வேண்டும். மேகசினை, அதாவது குண்டுப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, குழாய் காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. டிரில் துப்பாக்கி என்று சொல்லிக் கொடுத்தாலும் பார்க்க வேண்டும்.

அடுத்து, கையில் இருப்பது எந்த ரைஃபிள்? இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் நாம் எல்லாவற்றையும் த்ரீ நாட் த்ரீ என்றுதான் சொல்கிறோம். மூக்கைப் பாருங்கள். குழாயின் வாய், முன்னால் இருக்கிற இரும்புத் தொப்பிக்குள் அடங்கி, மூக்கு மழுங்கலாக இருந்தால் அது நம்பர் 1. குழாய் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நம்பர் 4. குறி பார்க்கும் பின் சைட் குழாயின் மேல், முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் நம்பர் 1. கண்ணுக்குப் பக்கத்தில், துளை வைத்து இருந்தால் நம்பர் 4. மூன்றாவது ஒன்று உண்டு. மூக்கு நம்பர் 1 மாதிரியே மழுங்கலாக இருக்கும், ஆனால் மேகசின் சதுரமான தகரப் பெட்டி போல இருக்கும். அது இஷாப்பூர் 2ஏ அல்லது 2ஏ1. 1960-களில் 7.62 குண்டுக்காகச் செய்தது, 12 குண்டு பிடிக்கும். அது த்ரீ நாட் த்ரீயே அல்ல. உண்மையான த்ரீ நாட் த்ரீ மேகசின் 10 குண்டு பிடிக்கும். அடிப்பக்கம் சரிவாக இருக்கும். இந்தப் பெட்டி மேகசினை நம்பர் 1-இல் மாட்டிக் காட்சிக்கு வைத்தால், அங்கேயே விவரச் சீட்டு பொய்யாகிவிடுகிறது.

சரி, நம்பர் 1-ஐ மட்டும் கையில் எடுப்போம். வலது பக்கம், பின் கட்டை வந்து சொருகும் இரும்புக் கழுத்து இருக்கிறதே, அதற்கு பட் சாக்கெட் என்று பேர். ஊர், ஆண்டு, மாடல் எல்லாம் அங்கே குத்தியிருக்கும். கிரீடமும் ‘என்ஃபீல்ட்’ என்ற சொல்லும் இருந்தால் இங்கிலாந்து. ‘லித்கோ’ என்றிருந்தால் ஆஸ்திரேலியா. கிரீடத்தின் கீழ் ஜி.ஆர்.ஐ. என்றிருந்தால் நம்முடைய இஷாப்பூர், வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கிற தொழிற்சாலை. அந்த எழுத்துக்கள் மன்னரும் பேரரசருமான ஜார்ஜைக் குறிப்பவை. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வந்துவிட்டன. மார்க் 3 என்பதன் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மார்க் 3 வந்தது 1907-இல். போர் நெருக்கடியில் செய்நேர்த்தியைச் சுருக்கி 1916-இல் நட்சத்திரம் போட்டார்கள். மேகசினை மறைக்கிற கட்-ஆஃப் தகடு, பக்கவாட்டில் தூரத்துக்குக் குறி வைக்கிற வாலி சைட் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே நட்சத்திரம் இருக்கிற ரைஃபிளில் வாலி சைட் வட்டு பளபளவென்று இருந்தால், யாரோ பின்னால் அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

இனி எண். மூக்கிலிருந்து பின்னால் வரை கையால் தடவிக்கொண்டு வருகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தொப்பி, அதாவது நோஸ் கேப்பில் ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால் முன்கட்டையின் அடிமரத்தில் ஒன்று. பின் சைட்டின் இலையைத் தூக்கினால் அதன் அடிப்பக்கம் ஒன்று. குழாயின் அடிப்பகுதியில் ஒன்று. அதை அடுத்து ரிசீவர், அதாவது போல்ட் ஓடுகிற இரும்பு உடல், அதன் வளையத்தில் வலப்பக்கம் ஒன்று. கடைசியாக போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஒன்று. மொத்தம் ஆறு இடம். ரிசீவரில் இருப்பதே மூல எண். மற்ற ஐந்தும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும்: நோஸ் கேப், முன்கட்டை, சைட் இலை, குழாய், ரிசீவர், போல்ட்.

போல்ட்டில் ஏன் எண் குத்தினார்கள்? கணக்குக்காக மட்டும் அல்ல. போல்ட்டின் தோள்கள் ரிசீவருக்குள் இரண்டு பக்கமும் சமமாக அழுந்த வேண்டும். அதை ஆர்மரர், அதாவது படையின் துப்பாக்கி மெக்கானிக், ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனியாகத் தேய்த்துப் பொருத்துவார். வேறு ரைஃபிளின் போல்ட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், பூட்டவும் செய்யும். பூட்டிக்கொண்டதாலேயே அது அந்த ரைஃபிளின் போல்ட் ஆகிவிடாது.

எண் தெரியவில்லை என்று கம்பி பிரஷ்ஷையோ உப்புத்தாளையோ எடுக்கிறார்களே, அதைத்தான் எந்த நாளும் செய்யக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்பீஸ் தூளை விரலால் தடவி, துணியால் மேலாகத் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். குழிக்குள் வெள்ளை நிற்கும், எண் எழுந்து வரும். மரத்தில் இருக்கிற எண்ணுக்கு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். பள்ளிக்கூடத்தில் நாணயத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே வழிதான்.

எண் கிடைத்த பிறகு அதன் விளிம்பைக் கவனியுங்கள். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண் குத்தியிருந்தால் அது நேர்மையான வேலை. ராணுவப் பட்டறையில் போல்ட் தேய்ந்துபோய் வேறொன்றை எடுத்து, முறைப்படி பொருத்தி, பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லாமல், அந்த இடம் மட்டும் சாணை பிடித்த மாதிரி வழுவழுவென்று சற்றுப் பள்ளமாக இருந்து, அதன்மேல் எண் கூர்மையாக, சுற்றியுள்ள கறுப்பு இல்லாமல் பளிச்சென்று இருந்தால் அது பின்னால் யாரோ ‘ஒத்துப்போக’ வைத்த எண். ஆறு எண்ணும் ஒத்திருக்கிறது என்பதற்காக மகிழ்ந்துவிடாதீர்கள். ஆறும் ஒரே கைக்குத்தாக, ஒரே வயதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘சரியான பாகம்’ என்றால் எந்த நாளுக்குச் சரி? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்கா, படையை விட்டு ஓய்வு பெற்ற நாளுக்கா? இந்த ரைஃபிள்களில் பலவும் உலகப் போர்களைப் பார்த்தவை. பட்டறைக்குப் போய் முழுப் பழுது பார்க்கப்பட்டவற்றில் எஃப்.டி.ஆர். என்ற எழுத்தையும் ஆண்டையும் காணலாம். அப்படிப்பட்ட ஒன்றில் என்ஃபீல்ட் ரிசீவரும் இஷாப்பூர் நோஸ் கேப்பும் லித்கோ கட்டையும் சேர்ந்திருந்தால் அது கலப்படம் அல்ல, அதன் வாழ்க்கை. அந்த இஷாப்பூர்ப் பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்துப் பாகம் தேடி மாட்டுவது, தாத்தா புகைப்படத்தில் இருக்கிற மீசையை அழித்துவிட்டு இளைஞர் ஆக்குவது மாதிரி. படையை விட்டு வந்த நிலையே மெய்யான நிலை என்பது என் கருத்து. காட்சிக்கு வைக்கும்போது அதையே காப்பாற்ற வேண்டும்.

டிரில் துப்பாக்கிகளும் அப்படித்தான். டி.பி., அதாவது டிரில் பர்ப்பஸ் என்ற எழுத்துக் குத்தி, கட்டையில் பெயிண்ட் பட்டை அடித்திருப்பார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று அந்தப் பட்டையைச் சுரண்டி எடுக்கிறார்கள். இந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது என்று எழுதி வைத்த எச்சரிக்கை அது. சுரண்டினால் சரித்திரமும் போகிறது, பாதுகாப்பும் போகிறது. சில இஷாப்பூர் ரைஃபிள்களின் முன்கட்டையில் கம்பி வரிந்து சுற்றியிருக்கும். எறிகுண்டு ஏவுவதற்காகக் கட்டிய கட்டு அது. உடைந்த கட்டைக்கு யாரோ ஒட்டுப் போட்டதாக நினைத்து அதையும் அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்க்காதீர்கள்.

கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வரிசை உண்டு. முன்கட்டையைக் கழற்றாமல், பின்கட்டையைப் பிடித்திருக்கிற நீளத் திருகு போல்ட்டைத் திருகவே கூடாது. நம்பர் 1-இல் அந்த நீள போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்முனையில் இருக்கிற ஒரு தகட்டுக்குள் அது பூட்டிக்கொண்டிருக்கும். போல்ட் தளர்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நீங்கள் பின்னாலிருந்து பலமாகத் திருகினால் சதுரம் சுழலும், மரம் டப்பென்று பிளக்கும். நூறு வருஷத்து வால்நட் மரம், திரும்பக் கிடைக்காது. முதலில் நோஸ் கேப், பிறகு விசையைச் சுற்றியிருக்கிற டிரிகர் கார்டு, முன்கட்டை, அதற்கப்புறம்தான் பின்கட்டை. அப்போதும் பின்கட்டையின் முனைத் தகடான பட் பிளேட்டின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற தோல் துண்டை எடுத்த பிறகு நீளமான திருப்புளி போட வேண்டும். தோல் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு பாகம்.

முன்கட்டை வரும்போது இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் தெறித்துப் போகும். ஒன்று நோஸ் கேப்புக்குக் கீழே, குழாயைத் தாங்குகிற சின்ன முளைக்கு அடியில். இன்னொன்று நடுவில், உள்வளையத்தின் ஸ்க்ரூவோடு. கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூ மரத்துக்குள் போகும் துளையில் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும். அது இல்லாமல் ஸ்க்ரூவை முடுக்கினால் மரம் நசுங்கிக்கொண்டே போகும். பல ரைஃபிள்களில் அந்தக் குழல்தான் காணாமல் போயிருக்கிறது. ஸ்க்ரூவும் சந்தை ஸ்க்ரூ ஆகாது; என்ஃபீல்டின் மரை தனி. மெட்ரிக் ஸ்க்ரூவைப் பலமாக ஏற்றினால் நூறு வருஷத்து மரை ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மரமும் எண்ணெயும் பற்றி விரிவாகப் பேச இருந்தேன், இரண்டே வார்த்தையில் முடிக்கிறேன். கட்டைக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவாதீர்கள். அவை உலராமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளி விதை எண்ணெய்தான் மரத்துக்குள் இறங்கி உலரும். துணியில் சில சொட்டு போதும், தடவி மிச்சத்தைத் துடைத்து ஒரு நாள் விடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். பித்தளை எண்ணெய்க் குப்பியையும் பட் பிளேட்டையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், அதிலும் எழுத்துக் குத்தியிருக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் சாரல் மாதங்களில் வாரம் ஒருமுறை இரும்பைத் தையல் மெஷின் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள், வெறுங்கையால் தொட்ட இடத்தை அன்றைக்கே துடையுங்கள்.

வணக்கம்.